ஒல்லாந்தர் வரைந்த உலகப் படமும் தென்பாண்டி நாடும்

ஆம்ஸ்டர்டாம் மாநகரின் நடுவே, இன்று ஒல்லாந்து நாட்டரசரின் மாளிகைகளுள் ஒன்றாக விளங்கும் பழைய நகர மண்டபம் உளது. கி.பி. 1648-ஆம் ஆண்டில் அடிகோலப்பெற்று, 1655-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற அம்மண்டபத்தின் பெருங்கூடத்தில், தரையிலே பளிங்கு பதித்து மூன்று பெரிய வட்டங்கள் அமைத்திருக்கின்றனர். ஒன்றில் விண்மீன்கள், ஏனைய இரண்டிலும் நிலவுலகின் இரு பாதிகள். கண்டங்களும் கடல்களும் தீவுகளும் அவற்றில் வரையப்பெற்றுள்ளன. அந்நகரத்து வணிகரும் வழக்காளரும் மாலுமிகளும் ஒரு காலத்தில் உலகத்தின் மீதே நடந்து தத்தம் அலுவலுக்குச் சென்றனர். காலடி பட்டுப் பட்டுக் கோடுகள் தேய்ந்தமையால், பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படங்களைப் புதிதாகப் பதிக்க வேண்டியதாயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நிலவுலகம் வேறொரு வகையாக எண்ணப்பட்டது. பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியிலே கண்டெடுக்கப்பெற்ற குழந்தையை நிலமகளின் அவதாரம் என்பர் வைணவப் பெரியோர். அங்கே பூமி மிதித்துச் செல்லும் தரையன்று; மாலை சூடிக் கொடுத்த மகள். வைகறையில் எழுந்து நிலத்தில் அடி வைக்குமுன் பொறுத்தருளுமாறு அவளை வேண்டிக் கொள்வதும் இந்நாட்டு மரபே. நிலத்தை இவ்வாறு இருவேறு வகையாகக் கருதிய மக்கள் ஒருவரையொருவர் எதிர்ப்படவும் ஒரு காலம் வந்தது. அவர்கள் எதிர்ப்பட்ட இடம் பாண்டி நாட்டுக் கடற்கரை. அங்கு நிகழ்ந்தது இன்னதென விளங்க வேண்டின், முதற்கண் அப்படங்கள் பிறந்த கதையை அறிதல் வேண்டும்.

மேலை நாட்டார்க்குத் தமிழகம் முற்றிலும் புதிய நாடன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி என்பாரின் பூகோள நூலில் குமரியும், கொற்கையும், பாண்டியரின் கோநகராகிய மதுரையும் இடம் பெற்றுள்ளன. ஆயினும் அந்நூலை அடிப்படையாகக் கொண்டு பிற்காலத்தார் தீட்டிய படங்களில், பாரத நாடு தெற்கு நோக்கிக் கூர்ந்து நீண்ட முக்கோணமாக இல்லை. அதன் கரை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகவே ஓடுகின்றது. இலங்கைத் தீவோ பன்மடங்கு பெருத்து, தாய் நிலத்தையே மறைப்பது போல் கிடக்கின்றது. ஊர்ப்பெயர்கள் மெய், நாட்டின் வடிவம் பொய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பியக் கல்வியாளர் பலர் இவ்வடிவத்தையே நம்பி வந்தனர்.

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் போர்ச்சுகீசியர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தான். நான்கே ஆண்டுகள் கழித்து, 1502-இல், இத்தாலி நாட்டுப் பெராரா கோமகனின் ஆளாகிய கன்தீனோ என்பவன் லிஸ்பன் நகரில் மறைவாக ஒரு படம் வரைவித்துத் தன் தலைவனுக்குக் கொண்டு சென்றான். அப்படத்தில் பாரத நாடு தன் உண்மை வடிவத்தோடு தோன்றுகின்றது. களவாகக் கொண்டு செல்ல வேண்டிய காரணம் யாதெனில், போர்ச்சுகல் அரசு கடல் வழிகளைக் கருவூலப் பொருளெனக் காத்து வந்தது. திரும்பி வரும் கப்பல்கள் கொணரும் செய்திகளையெல்லாம் லிஸ்பனில் இருந்த ஒரே மூலப்படத்தில் குறித்துக் கொண்டனர். பிறநாட்டார் கண்ணில் அது படாதவாறு பார்த்துக் கொண்டனர். மிளகின் விலை அப்படத்தில் அடங்கியிருந்தது.

இக்காவல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றது. அதனைப் பெரிதும் குலைத்தவன் படைத்தலைவனும் அல்லன், மாலுமியும் அல்லன், ஓர் எழுத்தன். யான் ஹய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தன் 1583-இல் கோவா நகரை அடைந்து, அங்கிருந்த கத்தோலிக்கப் பேராயரிடம் செயலாளனாய் அமர்ந்தான். ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கி, கண்டனவும் கேட்டனவும் குறித்து வைத்தான். போர்ச்சுகீசிய மீகாமன்களின் வழிக்குறிப்புகளையும் தொகுத்தான். தாயகம் திரும்பி அவன் வெளியிட்ட பயண நூல் 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் படங்களோடு அச்சாயிற்று. எத்திங்களில் எக்காற்று வீசும், எந்தத் தீவின் அருகே பாறை உள்ளது, போர்ச்சுகீசியரின் வலிமை எங்கே தளர்ந்திருக்கின்றது என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஒரு பேரரசின் பூட்டைத் திறந்தது எழுதுகோல்.

இவ்வேளையில் ஒல்லாந்து நாட்டின் உள்நிலையும் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. படங்களைச் செதுக்கி அச்சிடும் தொழில் முன்னர் ஆன்ட்வெர்ப் நகரில் செழித்திருந்தது. ஆர்ட்டீலியஸ் என்பார் உலக நாடுகளின் படங்களை ஒரே நூலாகத் தொகுத்து 1570-இல் வெளியிட்டது அந்நகரில்தான். அதற்கு முன்னாண்டில் மெர்க்கேட்டர் என்னும் அறிஞர், திசைகாட்டி காட்டும் ஒரே திக்கில் செல்லும் கப்பலின் வழியைப் படத்தில் நேர்கோடாக இழுக்கத் தக்க முறையைக் கண்டிருந்தார். 1585-இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் வசமாயிற்று. புதிய சமயத்தைத் தழுவியிருந்த வணிகரும் கைவினைஞரும் வடக்கே ஓடி ஆம்ஸ்டர்டாமில் குடியேறினர். செப்புத் தகட்டில் எழுத்தும் கோடும் வெட்டும் கைத்திறனும் அவர்களோடு சென்றது. போரில் ஒரு நகரம் இழந்ததை மற்றொரு நகரம் கூலியின்றிப் பெற்றது.

1595-இல் கோர்னெலிஸ் டி ஹௌட்மன் என்பவன் நான்கு கப்பல்களுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டான். இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உடன் சென்றனர். 1597-இல் திரும்பியோர் நூற்றுவருக்கும் குறைவு. ஊதியமும் பெரிதன்று. எனினும் வழி தெளிவாயிற்று. பல ஊர்களின் வணிகக் கூட்டத்தார் போட்டியிட்டுக் கப்பல் விடலாயினர். அவர்களை ஒன்றாக்கி 1602-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி தோற்றுவிக்கப்பெற்றது. போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், அரசரோடு உடன்படிக்கை செய்யவும் அக்கும்பினிக்கு உரிமை அளிக்கப்பட்டது. தமிழ் மக்கள் இவர்களை உலாந்தாக்காரர் என்று அழைத்தனர். 1610-இல் பழவேற்காட்டில் அவர்கள் பண்டகசாலை அமைத்தனர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டை அங்கு எழுந்தது.

கும்பினியின் படத்தொழில் நடந்த முறை அறியத் தக்கது. 1633-இல் வில்லெம் பிளா என்பார் கும்பினியின் படவல்லுநராக அமர்த்தப்பெற்றார். 1638-இல் அவர் மறைந்தபின் அவர் மகன் யோவான் பிளா அப்பதவியை ஏற்றார். புறப்படும் கப்பலுக்குத் தோலில் கையால் வரைந்த கடற்படங்கள் கொடுக்கப்படும். திரும்பியதும் அவற்றை ஒப்படைக்க வேண்டும். பயணத்தில் எழுதிய நாட்குறிப்புகளை ஆராய்ந்து மூலப்படத்தைத் திருத்துவர். ஒருவர் கண்ட பாறை மற்றவரின் கப்பலைக் காத்தது. அச்சிட்டு விற்ற அழகிய வண்ணப் படங்களோ வேறு. அவை செல்வர் வீட்டுச் சுவருக்கும் நூலகத்திற்கும் உரியவை. கடலில் உயிர் காத்த படம் வெளியார்க்குக் கிடைக்கவில்லை. போர்ச்சுகீசியரின் மறையைக் கவர்ந்தவர்கள் தாங்களும் மறை காக்கத் தொடங்கினர்.

கரையை வரைந்தது கப்பலின் மேல்தளத்திலிருந்தே. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு ஆழம் பார்ப்பர். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவியிருப்பதால், அடியிலுள்ள மணலோ சேறோ அதில் ஒட்டிக் கொண்டு வரும். அதனைக் கொண்டு நங்கூரம் பாய்ச்சத் தக்க இடத்தை அறிவர். நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணிப்பர். கிழக்கு மேற்குத் தொலைவை அறிவதுதான் அரிதாயிருந்தது. தீர்க்கரேகையைக் கடலில் திருத்தமாகக் கணிக்கும் கடிகாரம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. ஆகவே கரையின் அடையாளங்களே மாலுமிக்குத் துணை. சோழமண்டலக் கரையோ தாழ்ந்த மணற்கரை. குன்றும் முனையும் அருகிய அக்கரையில் கடலிலிருந்து காணத்தக்கவை பனைமரக் கூட்டமும் கோயிற் கோபுரமுமே.

இக்காரணத்தால் நம் கோயில்கள் அயல்நாட்டார் படங்களில் ஏறின. மாமல்லபுரம் கடலோடிகளுக்கு ஏழு பகோடா ஆயிற்று. பகோடா என்பது கோயிலுக்கு அவர்கள் வைத்த பெயர். நாகப்பட்டினத்தில் இருந்த பழைய பௌத்தக் கோபுரத்தைச் சீனர் பகோடா என்று குறித்தனர். கப்பல்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டிய அக்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. கோயிலின் உள்ளே எழுந்தருளியிருப்பவர் யார், அங்குப் பாடப்பெறும் பாடல் எது, திருவிழா எத்திங்களில் என்பன போன்ற வினாக்கள் கடற்படத்தில் எழவில்லை. கோபுரம் தென்பட்டால் ஆழம் இத்தனை பாகம் என்பதே செய்தி. இதனைக் குறை கூறுவதற்கில்லை. புயலில் அகப்பட்டவனுக்கு அக்கணத்தில் வேண்டியது தலபுராணம் அன்று.

ஆனால் கரையைத் தாண்டி உட்புகுந்தால் படத்தின் நேர்மை தளர்ந்து விடுகின்றது. வில்லெம் பிளா 1635-இல் வெளியிட்ட கீழை நாடுகளின் படம் புகழ் பெற்றது. பாரத நாடு முதல் ஜப்பான் வரை அதில் அடங்கும். அக்காலத்துப் படங்களில் தென்னாட்டுக் கடற்கரையை நோக்கினால் ஊர்ப்பெயர்கள் எறும்பு வரிசை போல் நெருங்கி நிற்கின்றன. உள்நாட்டிலோ சில பெயர்களும், கற்பனையாகத் தீட்டிய மலைகளும், பெரும் வெளியும்! அவ்வெளியின் மேல் நரசிங்கம் என்றோ பிஸ்நகர் என்றோ பேரெழுத்தில் பொறித்து வைத்தனர். முன்னது சாளுவ நரசிம்மராயரின் பெயரால் போர்ச்சுகீசியர் வழங்கியது. பின்னது விஜயநகரத்தின் சிதைவு. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அப்பேரரசு நிலைகுலைந்த பின்னரும், படத்தில் அதன் பெயர் அழியவில்லை. செப்புத் தகட்டில் ஒருமுறை வெட்டிய பெயரை மாற்றுவதற்குச் செலவாகும் அன்றோ? விஜயநகர நாட்டிலிருந்து தெற்கே வந்தவர் எனத் தம் முன்னோரைப் பற்றிக் கூறும் ராஜபாளையத்து ராஜுக்கள் அப்படத்தைக் கண்டிருப்பின் புன்முறுவல் பூத்திருப்பர்.

அவ்வெளி உண்மையில் வெறுமையாயிருந்ததா? அக்காலத்தில் மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி புரிந்தார். 1623 முதல் 1659 வரை நீண்டது அவர் ஆட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு அரண்மனை இருந்தது. இன்றும் அதன் பகுதி அங்கு உளது. ஆண்டாளுக்கு உச்சிப் பூசை முடிந்த செய்தியை மதுரையிலுள்ள அரசர் அறியும் பொருட்டு, வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணிகள் தூக்கியிருந்தனர் என்பது செவிவழிச் செய்தி. ஒரு மணியின் ஓசை கேட்டதும் அடுத்த மணி ஒலிக்கும். நொடிப்பொழுதில் ஓசை மதுரையை எட்டும். அதன் பின்னரே நாயக்கர் உணவு கொள்வார். எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கோலாலும் சங்கிலியாலும் அளவாமல் காதால் அளந்த கதை இது. செவிவழிச் செய்தியேயாயினும், இடத்தையும் தொலைவையும் இந்நாட்டார் எவ்வாறு மனத்தில் கொண்டனர் என்பதற்கு இது சான்று.

வைணவர்க்கு நூற்றெட்டுத் திருப்பதிகள் ஒரு படம். ஆழ்வார்களின் பாசுரம் பெற்ற ஊர்களை வரிசையாக எண்ணிக் கால்நடையாய்ச் செல்லும் அடியவனுக்குத் தாளில் வரைந்த படம் வேண்டியதில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் திருவேங்கடத்திற்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் செல்கின்றது. அம்மாலை செல்லும் தடமே ஒரு கோடு. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயியின் கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்தே திருப்பாவை எழுந்தது என்பர். தன் ஊரின் மீது மற்றோர் ஊரைப் பொருத்திக் கண்ட இவ்வறிவு பெரிது. ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. இப்படம் உள்ளிருப்போர்க்கே பயன்பட்டது. கடலில் வருபவன் யார், அவன் எத்தனை கப்பல் கொண்டு வருகின்றான், எதனை நாடி வருகின்றான் என்பதை அது சொல்லவில்லை. நாயக்க மன்னரிடம் குதிரைப்படையும் யானைப்படையும் உண்டு, போர்க்கப்பல் இல்லை. அக்குறையின் பலனைத் திருச்செந்தூர் அனுபவிக்க நேர்ந்தது.

முத்துக்குளித்துறைக் கடற்கரை அந்நாளில் போர்ச்சுகீசியரின் செல்வாக்கில் இருந்தது. கத்தோலிக்க சமயம் தழுவிய பரதவர் அவர்களுக்குத் துணை நின்றனர். முத்தும் சங்கும், பாண்டி நாட்டுக் கரிசல் நிலத்துப் பருத்தியில் நெய்த துணியும் ஏற்றுமதியாகும் அத்துறைகளின் மேல் ஒல்லாந்தர் கண் வைத்தனர். 1640-களின் பிற்பகுதியில் இரு பறங்கியர்க்கும் இடையே நடந்த பூசலில், கடலோரத்தில் அமைந்த திருச்செந்தூர்க் கோயிலுக்குள் ஒல்லாந்தர் படையோடு புகுந்து அதனை அரணாக்கிக் கொண்டனர். கற்சுவரும் உயர்ந்த மேடையும் உடைய கோயில், பீரங்கி வைத்திருப்போர் கண்ணுக்குக் கோட்டையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஊரார் எதிர்த்தும் அவர்களை வெளியேற்ற முடியவில்லை. இறுதியில் வெளியேறியபோது சண்முகர் திருவுருவத்தை எடுத்துச் சென்றனர். பொன்னால் ஆயது என எண்ணினர் என்பது கோயில் மரபு.

மேல் நிகழ்ந்ததைக் கோயில் மரபு பின்வருமாறு கூறும். நடுக்கடலில் புயல் எழுந்தது. அஞ்சிய ஒல்லாந்தர் மூர்த்தியைக் கடலில் எறிந்தனர். அச்செய்தி கேட்டு, நாயக்கரின் சார்பில் நெல்லைச் சீமையை ஆண்ட வடமலையப்ப பிள்ளை உளம் நொந்து, அதே போன்ற வேறோர் உருவத்தைச் செய்வித்தார். அப்பொழுது அவர் கனவிலே முருகப் பெருமான் தோன்றி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், கருடன் வட்டமிடும் நிழலின் கீழ்த் தாம் இருப்பதாக உரைத்தருளினார். பிள்ளை படகேறிச் சென்று அவ்விடத்தில் மூழ்கச் செய்து மூர்த்தியைக் கண்டெடுத்தார். 1653-இல் மீண்டும் எழுந்தருளச் செய்தனர். திருவுருவம் இலங்கையின் காலித் துறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, நாயக்கர் தரப்பினரோடு பேச்சு நடந்தபின் திருப்பப்பட்டது என்று உரைப்போரும் உளர். எவ்வாறாயினும், திருவுருவம் சென்றதும் மீண்டதும் மெய்.

மரபின் கதையைப் பூகோளம் கற்றவன் நோக்கில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கடலில் ஓரிடத்தைக் குறித்துக் காட்டுவதே மாலுமியின் அரும்பணி. ஒல்லாந்தர் அதற்கு அட்சரேகையும் ஈயக்குண்டும் கொண்டனர். இங்கே அக்குறியை எலுமிச்சம்பழமும் பறவையின் நிழலும் காட்டின. கடலடியை அறிந்த பரதவர் வாழும் கரையில் பிறந்த கதை அது.

திருச்செந்தூரில் இத்துயரம் நிகழ்ந்த அதே ஆண்டுகளில், ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளா தம் பட்டறையில் அதுவரை உலகம் கண்டிராத பெரும் படம் ஒன்றைச் செதுக்குவித்துக் கொண்டிருந்தார். 1648-இல் அது வெளிவந்தது. இருபத்தொரு தாள்களை ஒட்டினால் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். ஆபெல் தாஸ்மன் 1642, 1643-ஆம் ஆண்டுகளில் கண்ட தென்கடல் நிலங்கள் அதில் இடம் பெற்றன. கலிபோர்னியா மட்டும் தவறாகத் தீவாயிற்று. எண்பதாண்டுப் போர் முடிந்து ஸ்பானியர் ஒல்லாந்தரின் விடுதலையை ஒப்புக்கொண்ட ஆண்டு அது; உடன்படிக்கைக்கு வந்த ஸ்பானியத் தூதருக்கே அப்படம் உரிமையாக்கப்பட்டது. நகர மண்டபத்துத் தரையில் பதித்ததற்கும் அதுவே மூலம். தம் நாட்டின் விடுதலையைக் கொண்டாடியவர்களின் சேவகர், பிறர் நாட்டுக் கோயிலில் புகுந்திருந்தனர். இம்முரண் அவர்களுள் எவர்க்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

பத்தாண்டு கழித்து, 1658-இல், ரைக்லோப் வான் கூன்ஸ் என்னும் படைத்தலைவன் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து கவர்ந்தான். 1663-இல் கொச்சியும் வீழ்ந்தது. மேற்கே கொல்லம், கொச்சி, கிழக்கே தூத்துக்குடி. இரு கரையும் ஒரே கும்பினியின் கையில் வந்தபின், இடையில் கிடந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி இரண்டு கடலுக்கும் நடுவே நின்ற மலைச்சுவர் போலாயிற்று.

படையோடு வந்தவர்களுள் பால்தேயுஸ் என்னும் பாதிரியாரும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் பணி செய்து தாயகம் மீண்டார். மலையாளம், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஊர்களின் காட்சிகளும் படங்களும் நிறைந்த அந்நூலில் தமிழ் எழுத்துகளும் சிறிது இலக்கணமும் உள. பிழை மலிந்தவையாயினும், ஒல்லாந்து மக்கள் தமிழெழுத்தை அச்சில் காண அது வாய்ப்பளித்தது. நம் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதியில் பிறர் கூற்றை எடுத்தாண்டது மிகுதி, வெறுப்பும் மிகுதி.

அவருக்கு முன்னரே வந்த ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் பாதிரியார் வேறு வகையினர். 1630-களில் பழவேற்காட்டில் பணி ஏற்று ஏறக்குறைய பத்தாண்டு தங்கிய அவர், பத்மநாபன் என்னும் அந்தணரை அடுத்து, கோயில் வழிபாடு, நோன்பு, மறுபிறப்பு, சாதி ஒழுக்கம் ஆகியவற்றைப் பொறுமையோடு கேட்டறிந்தார். அவர் 1649-இல் இறந்தார். நூல் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் சதகங்களும் அதில் ஒல்லாந்து மொழியில் ஏறின. தம் சமயமே உயர்ந்தது என்னும் எண்ணம் அவருக்கும் இருந்தது. எனினும் கேட்டதைக் கேட்டபடி எழுதினார். கும்பினியின் படங்கள் அனைத்திலும் எட்டாத உள்நாட்டை அவர் ஓர் அந்தணரின் திண்ணையிலிருந்தே எட்டினார் எனலாம்.

வணிகம் சமயத்தைக் காட்டிலும் நெகிழ்வுடையது. பகோடா என்னும் சொல் கோயிலுக்கு மட்டுமன்றிப் பொன் வராகனுக்கும் பெயராய் வழங்கியது. இக்கரையில் செல்லும்படியான நாணயம் வேண்டி ஒல்லாந்தர் அடித்த வராகனில் திருமாலின் திருவுருவத்தையே பொறித்தனர். உருவ வழிபாட்டைக் கடிந்து ஞாயிறுதோறும் பேசிய சபையினர், திங்களன்று அப்பெருமானை எண்ணிப் பெட்டியில் அடுக்கினர்!

யோவான் பிளாவின் படத்தொகுதி 1662-இல் இலத்தீன் மொழியில் பதினொரு பகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய அறுநூறு படங்கள் கொண்ட அது அந்நூற்றாண்டில் விலைக்குக் கிடைத்த நூல்களில் மிக உயர்ந்த விலையுடையது. 1672-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது; செப்புத் தகடுகளும் உருகின. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். அதன் பின்னர்ப் படத்தொழிலின் முதன்மை மெல்லப் பாரீசுக்கும் இலண்டனுக்கும் பெயர்ந்தது. பிரான்சு நாட்டு தான்வீல் 1752-இல் பாரத நாட்டுப் படத்தை வெளியிட்டபோது, செய்தி கிடைக்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டார். தென்னாட்டின் உட்பகுதிக்கு மதுரை மிஷனைச் சேர்ந்த ஏசு சபையினர் அனுப்பிய செய்திகள் அவருக்கு உதவின. அறியாததை அறியாததாகக் காட்டுவது படக்கலையில் புதிய நேர்மை.

உள்நாடு அடியளவாக அளக்கப்பட்டது ஆங்கிலேயர் காலத்தில். 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய லாம்டன், முக்கோணங்களைத் தெற்கு நோக்கி வளர்த்துக் கொண்டே வந்தார். சமவெளியில் தொலைநோக்கி வைக்க உயர்ந்த இடம் வேண்டும். அதற்கும் கோபுரங்களையே நாடினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கருவியை மேலேற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்து போயிற்று. லாம்டன் பல வாரம் உழைத்துத் தம் கையாலேயே அதனைச் செப்பம் செய்தார். கடலிலிருந்து கோபுரத்தைக் கண்டு நின்றவர் போக, கோபுரத்தின் மீதே ஏறி நிலத்தைக் காண்பவர் வந்து விட்டனர்.

ஒல்லாந்தரின் காலம் அதற்குள் முடிந்து கொண்டிருந்தது. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் அவர்களை முறியடித்தார். 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1824-இல் இலண்டனில் செய்த உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டில் தூத்துக்குடியையும் ஒப்படைத்து அவர்கள் இக்கரையை விட்டு நீங்கினர். 1750-இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம் தூத்துக்குடியில் உளது. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் அவர்கள் கல்லறைகள் கடற்காற்றில் தேய்ந்து நிற்கின்றன. திருச்செந்தூரில் சண்முகருக்கு நாள்வழிபாடு நடைபெற்று வருகின்றது.